அச்சேறாத நிலா

1609 ஜூலை 26, இரவு ஒன்பது மணி. லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் சயன் மாளிகை வளாகத்தில் ஒரு வீடு. ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர், ஆறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் குழல் ஒன்றை மேல்வானத்துப் பஞ்சமிப் பிறையை நோக்கித் திருப்பிப் பார்க்கிறார். பார்த்ததைத் தாளில் வரைகிறார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. அதில் கவராயத்தால் போட்ட ஒரு வட்டம், குறுக்களவு சுமார் 15 சென்டிமீட்டர். வெளிச்சமும் இருளும் சந்திக்கும் எல்லை வழவழப்பான வளைவாக இல்லை. பேனா உள்ளே குத்தியும் வெளியே வந்தும், கறையான் அரித்த ஓலை விளிம்புபோல் அந்தக் கோடு வெட்டுவெட்டாகப் போகிறது. வெளிச்சப் பக்கத்தில் மைத்தீற்றலாகச் சில திட்டுகள். நெருக்கடிக் கடல், அமைதிக் கடல், வளமைக் கடல் என்று இன்று பெயர் பெற்றிருக்கும் கருஞ்சமவெளிகள் அவை என்று நிலவுப்படம் பழகியவர்கள் அடையாளம் சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் தேதி, மணி, நிலவின் வயது, குழலின் திறன். வியப்பைக் காட்டும் ஒரு சொல்கூட இல்லை.

தொலைநோக்கி வழியாகப் பார்த்து வரைந்த நிலவுப் படங்களில் தேதியோடு நமக்குக் கிடைத்திருக்கும் முதல் படம் இது. வரைந்தவர் பெயர் தாமஸ் ஹாரியட். இங்கிலாந்து அப்போது பழைய நாள்காட்டியில் இருந்ததால், ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் அன்று ஆகஸ்ட் 5. கலிலியோ நிலவை வரையத் தொடங்கியது அந்த ஆண்டு நவம்பர் இறுதியில்தான். ஆனால் 1610 மார்ச்சில் வெனிஸ் நகரில் கலிலியோவின் சிறு நூல் அச்சாகி ஐரோப்பாவையே உலுக்கிவிட்டது. ஹாரியட்டின் தாள் பெட்டிக்குள் கிடந்தது. அதனால் அவரைப் பற்றி எழுதுகிற எவரும் 'யார் முதலில்?' என்ற கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அந்தக் கேள்வியோடுதான் அவரைப் படித்தேன். அது அவரிடம் நம்மைக் கொண்டுசேர்க்கிற வழி இல்லை என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். ஹாரியட் அடிப்படையில் ஓர் அளவையாளர். கடற்கரையை அளந்த அதே கண்ணும் கையும்தான் நிலவையும் அளந்தன. அவருடைய பெருமையையும் குறையையும் அங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

1577இல், பதினேழு வயதில், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது எளிய குடும்பத்துப் பிள்ளை என்று பதிவேட்டில் எழுதப்பட்டவர் அவர். 1580இல் பட்டம் பெற்ற பிறகு, எலிசபெத் அரசியின் செல்லப்பிள்ளையாக இருந்த சர் வால்டர் ராலியிடம் வேலைக்குச் சேர்ந்தார். ராலிக்கு அமெரிக்கக் கரையில் குடியேற்றம் அமைக்கும் கனவு இருந்தது. அதற்கு நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று கணக்கிடத் தெரிந்த மாலுமிகள் வேண்டும். லண்டனில் இருந்த ராலியின் டர்ஹம் மாளிகையில் ஹாரியட் அவர்களுக்கு வகுப்பெடுத்தார். துருவ நட்சத்திரம் வானத்தின் துருவப் புள்ளியிலிருந்து மூன்றரைப் பாகை விலகியிருக்கிறது என்று அன்றைய கையேடுகள் சொல்லிவந்தன. ஹாரியட் அந்த மாளிகையின் கூரையில் நீண்ட கருவி ஒன்றை நிறுத்தித் தானே அளந்து பார்த்தார். மூன்று பாகைக்கும் சற்றுக் குறைவு என்று தெரிந்தது. வடக்கு நோக்கிப் போகும் மாலுமி அரைப் பாகை தவறினால் கப்பல் 30 கடல் மைல் தள்ளிப்போய் நிற்கும். பாறை நிறைந்த கரையில் அது உயிர்ச்சேதம். ஹாரியட்டின் துல்லியப் பிடிவாதம் இப்படித்தான் உருவானது.

1584இல் ராலியின் முதல் பயணக் குழு மான்டியோ, வான்சீஸ் என்ற இரண்டு பூர்வகுடியினரை அமெரிக்கக் கரையிலிருந்து லண்டனுக்கு அழைத்து வந்தது. அவர்களோடு இருந்து ஹாரியட் அவர்களுடைய அல்கோன்கியன் மொழியைக் கற்றார். ஆங்கில எழுத்துக்கு அந்த ஒலிகள் அடங்கவில்லை. எனவே 36 குறிகள் கொண்ட புதிய எழுத்துமுறை ஒன்றை அவரே வகுத்தார். எந்த மொழியின் ஒலியையும் அதில் எழுத முடிய வேண்டும் என்பது அவர் நோக்கம். ஒரு நாட்டை அளக்கப் போகிறவர் அங்குள்ளவர்களின் பேச்சை முதலில் கற்றுக்கொண்டார் என்பது அந்தக் காலத்தில் அரிது.

1585 ஏப்ரல் 9 அன்று பிளிமத் துறைமுகத்திலிருந்து ஏழு கப்பல்கள் கிளம்பின. இன்று வட கரோலினா மாநிலத்தில் உள்ள ரோனோக் தீவில் நூற்றுச் சொச்சம் பேர் தங்கினார்கள். அவர்களில் ஹாரியட்டும் ஓவியர் ஜான் வொயிட்டும் இருவர். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அந்தக் கரையின் கழிமுகங்கள், மணல்திட்டுகள், ஊர்கள், பயிர்கள், மீன்பிடி முறைகள் எல்லாவற்றையும் ஒருவர் எழுத இன்னொருவர் வரைந்தார். அவர்களுடைய வரைபடம் தெற்கே மணல்முனைகளிலிருந்து வடக்கே செசப்பீக் விரிகுடா வரை போகிறது. வட அமெரிக்காவின் அந்தப் பகுதிக்கு அதுவரை இப்படி ஒரு வரைபடம் இருந்ததில்லை.

1586 ஜூனில் உணவு தீர்ந்து, சண்டை மூண்டு, குடியேறியவர்கள் பிரான்சிஸ் டிரேக்கின் கப்பல்களில் ஊர் திரும்பினார்கள். அன்று கடலில் புயல். மூட்டை முடிச்சுகளைக் கரையிலிருந்து படகில் ஏற்றும்போது படகு தரைதட்டாமல் இருக்க மாலுமிகள் பாரத்தைக் கடலில் எறிந்தார்கள். எறிந்தவற்றில் வரைபடங்களும் புத்தகங்களும் குறிப்புகளும் இருந்தன. ஓராண்டு உழைப்பில் எவ்வளவு அன்று அலையோடு போயிற்று என்று கணக்கில்லை. மிஞ்சியதிலிருந்து ஹாரியட் 1588இல் வெர்ஜீனியா பற்றிய ஒரு சிறு அறிக்கையை வெளியிட்டார். 1590இல் பதிப்பாளர் தியடோர் த பிரை அதை வொயிட்டின் படங்களோடு ஃபிராங்க்பர்ட்டில் நான்கு மொழிகளில் அச்சிட்டார். ஹாரியட் உயிரோடு இருந்தபோது அச்சில் வந்த ஒரே நூல் இதுதான்.

அந்த நூல் குடியேற்றத்துக்கு ஆள் சேர்க்க எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. மண்வளம், மரம், மக்காச்சோளம், புகையிலை என்று விற்கக்கூடியதெல்லாம் பட்டியலாகும். இருந்தாலும் அதில் ஓரிடம் படிக்கும்போதெல்லாம் என்னை நிறுத்திவிடும். தாங்கள் போய்வந்த சில ஊர்களில், தாங்கள் கிளம்பிய சில நாட்களிலேயே மக்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள் என்று எழுதுகிறார். எண்ணிக்கையும் தருகிறார்: சில ஊர்களில் 20, சிலவற்றில் 40, 60, ஓர் ஊரில் 120. வெள்ளையர்கள் கண்ணுக்குத் தெரியாத குண்டுகளால் சுடுகிறார்கள் என்று அந்த மக்கள் நம்பினார்கள் என்பதையும் பதிவு செய்கிறார். ஐரோப்பியர் கொண்டுபோன நோய் அது என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. குடியேற்றக்காரர்கள் சிலர் சிறு காரணங்களுக்குக்கூடக் கொன்றார்கள் என்றும் எழுதியிருக்கிறார். விளம்பர நூலில் இவற்றை மறைத்திருக்கலாம். அவர் எண்ணிப் பார்த்தார், எண்ணியதை எழுதினார்.

ஊர் திரும்பிய பிறகு அயர்லாந்தில் ராலிக்குக் கிடைத்த பெரும் நிலங்களை அளக்கும் வேலையும் அவருக்கு வந்தது. பிறகு 1590களில் நார்தம்பர்லாண்ட் பிரபு ஹென்றி பெர்சி அவருக்கு ஆதரவாளரானார். ஆண்டுதோறும் உதவித்தொகை, சயன் மாளிகை வளாகத்தில் வீடு, வேண்டிய நேரம். அந்த அமைதியில் பிறந்த கணக்குகளைப் பார்த்தால் வேர் எல்லாம் கடலிலும் நிலத்திலும்தான் இருக்கிறது. உருண்டையான பூமியில் ஒரே திசையைப் பிடித்துப் போகும் கப்பலின் பாதையைத் தட்டைத் தாளில் எப்படி வரைவது என்ற மாலுமியின் கேள்வி, அவரைச் சுருள்வளைகோட்டின் நீளத்தைக் கணக்கிடுவது வரை இழுத்துச் சென்றது. கோளத்தின் மேல் வரைந்த முக்கோணத்தின் பரப்பு, அதன் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையை எவ்வளவு மிஞ்சுகிறதோ அதைப் பொறுத்தது என்பதை 1603இல் கண்டுபிடித்தார். அது 1629இல் அச்சிட்ட ஆல்பெர் ஜிரார்டின் பெயரில் வழங்குகிறது. பீரங்கிக் குண்டுகளை அடுக்கினால் குவியலில் எத்தனை இருக்கும் என்று ராலிக்காகப் போட்ட கணக்கும் தாள்களில் உண்டு. வானியலர் கெப்ளர் 1611இல் எழுதிய, உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்கும் முறை பற்றிய ஊகத்தின் பின்னணியில் ஹாரியட்டோடு நடந்த கடிதப் பேச்சும் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட ஒளிவிலகல்தான் மனத்தை உறுத்துகிறது. தண்ணீரில் பாதி மூழ்கிய கோல் வளைந்து தெரிவது ஏன், எவ்வளவு? படும் கோணத்துக்கும் விலகும் கோணத்துக்கும் உள்ள உறவு, அவற்றின் சைன் மதிப்புகளின் விகிதம் மாறாமல் இருப்பதே. பள்ளிக்கூடத்தில் ஸ்னெல் விதி என்று நாம் படித்தது. ஸ்னெல் கண்டுபிடித்தது 1621இல். டேக்கார்ட் அச்சிட்டது 1637இல். ஹாரியட்டின் தாள்களில் அது 1602 வாக்கிலேயே இருக்கிறது. 1606இல் பிராகு நகரிலிருந்து கெப்ளர் இது பற்றிக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். கெப்ளருக்கு இந்த விதி கிடைக்கவில்லை, திணறிக்கொண்டிருந்தார். ஹாரியட் பதிலில் பல்வேறு பொருள்களின் விலகல் கோணங்களை அட்டவணையாக அனுப்பினார். விதியை மட்டும் சொல்லவில்லை. தொடர்ந்து சில கடிதங்கள் போய்வந்தன. 1608 கடிதத்தில், தன் நாட்டில் சுதந்திரமாகச் சிந்தித்து எழுத முடியாத நிலை, இன்னும் சேற்றில் சிக்கிக் கிடக்கிறோம் என்ற பொருளில் எழுதுகிறார்.

அந்தச் சேறு உண்மையான சேறு. 1590களின் தொடக்கத்திலேயே ராலியின் வட்டத்தை நாத்திகப் பள்ளி என்று தூற்றித் துண்டறிக்கை வந்தது. 1593இல் நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ மீது ஒற்றன் கொடுத்த குற்றப்பட்டியலிலும் ஹாரியட்டின் பெயர் அடிபட்டது. 1603இல் ராலி ராஜத்துரோகக் குற்றத்தில் சிறைப்பட்டார். நாடாளுமன்றத்தைத் தகர்க்கத் தீட்டிய 1605 நவம்பர் 5 வெடிமருந்துச் சதிக்கு முந்தின நாள், சதிகாரர்களில் ஒருவரான தாமஸ் பெர்சி சயன் மாளிகையில் விருந்துண்டார். அந்தப் பந்தியில் ஹாரியட்டும் இருந்தார். பிரபு ஹென்றி பெர்சி மன்னர் ஜேம்ஸின் ஜாதகத்தைக் கணித்துப் பார்க்கச் சொன்னாரா என்று கேட்டு ஹாரியட்டைச் சிறையில் வைத்து விசாரித்தார்கள். சில வாரங்களில் விட்டுவிட்டார்கள். அவருடைய பிரபு லண்டன் கோபுரத்தில் 16 ஆண்டுகள் அடைபட்டார். ராலியும் அதே கோபுரத்தில். ஹாரியட் இருவரையும் பார்க்கப் படகில் போய்வந்துகொண்டிருந்தார்.

அச்சிடாததற்கு இந்த அச்சமே காரணம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகப் படுகிறது. ஒளிவிலகல் அட்டவணையிலும் கோள முக்கோணத்திலும் மன்னருக்கோ திருச்சபைக்கோ கோபம் வர என்ன இருக்கிறது? பிரபுவின் பணம் வந்துகொண்டிருந்தது. கலிலியோவைப்போல் நூல் எழுதி, அதை ஒரு அரச குடும்பத்துக்குக் காணிக்கையாக்கிப் பதவி தேடும் தேவை அவருக்கு இல்லை. இன்னொன்று, அவருடைய தாள்களைப் பார்த்தால் தெரியும்: ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிறார், இன்னும் ஒரு தசம இடம் சரியாக வர வேண்டும் என்று. 'இது போதும்' என்று பேனாவை மூடி வைக்கிற மனம் அவருக்கு வாய்க்கவில்லை. வேல்ஸில் இருந்த அவருடைய மாணவரும் நண்பருமான சர் வில்லியம் லோவர் 1610இல் கடிதம் எழுதிப் புலம்புகிறார்: உங்கள் கண்டுபிடிப்புகளை ஒவ்வொன்றாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போகிறார்களே, உங்கள் மிகை அடக்கத்தால் நாடே பெயரை இழக்கிறதே என்று. எத்தனை நூற்றாண்டு கழித்துப் படித்தாலும் அந்தக் கடிதத்தின் தவிப்பு ஆறவில்லை.

இனி நிலவுக்கு வருவோம். அறிஞர்களிடையே நடந்த வாதம் இங்குதான் கூர்மையாகிறது. டெர்ரி புளூம் 1978இல் எழுதிய கட்டுரை, ஹாரியட்டின் 1609 படத்தில் குழிகளோ மலைகளோ இல்லை என்று சுட்டிக்காட்டியது. 1610 ஜூலையில் அவர் வரைந்த அடுத்த படத்தில்தான் அவை வருகின்றன. இடையில் கலிலியோவின் நூல் லண்டனுக்கு வந்துவிட்டிருந்தது. அதாவது, கலிலியோ சொன்ன பிறகே ஹாரியட்டின் கண் அவற்றைக் கண்டது. கலிலியோ ஃபிளாரன்ஸ் ஓவியர்களோடு பழகி, வெளிச்சம்-நிழல் வைத்து மேடு பள்ளத்தைப் படிக்கக் கற்றவர், ஹாரியட்டுக்கு அந்தப் பயிற்சி இல்லை என்று கலை வரலாற்றாளர் சாமுவேல் எட்ஜர்ட்டன் இதை மேலும் விளக்கினார்.

இதில் உண்மை இருக்கிறது. மறுக்க நான் முயலவில்லை. 1610 பிப்ரவரியில், கலிலியோவின் நூல் வரும் முன்பே, லோவரும் குழல் வழியாக நிலவைப் பார்த்து எழுதினார்: போன வாரம் என் சமையல்காரர் செய்த இனிப்புப் பண்டம்போல் இங்கே ஒரு வெளிர்க் கீற்றும் அங்கே ஒரு கருங்கீற்றுமாகக் குழம்பிக் கிடக்கிறது என்று. பார்க்கிறார், புரியவில்லை. ஆனால் அதே கடிதத்தில், நிலவின் விளிம்பு டச்சுப் பயண நூல்களில் கடற்கரைகளைத் தீட்டியிருப்பது போல் இருக்கிறது என்றும் சொல்கிறார். புளூமின் வாதத்தைப் படிக்கிறவர்கள் இந்த வரியைக் கடந்து போய்விடுகிறார்கள். கலிலியோ நிலவை ஒரு வழக்காகப் பார்த்தார். வானுலகப் பொருள்கள் குறையற்ற பளிங்குக் கோளங்கள் என்ற பழைய கொள்கையை உடைக்க மலைகளின் நிழல் அவருக்குச் சாட்சி. அதற்காக ஒரு குழியைப் பெரிதாக்கியும் வரைந்தார். ஹாரியட்டின் வட்டத்தில் இருந்தவர்கள் நிலவைக் கடற்கரையாகப் பார்த்தார்கள். கடற்கரையைக் கண்டால் அதன் ஓரத்தை வரைய வேண்டும், முனைகளுக்கு இடையிலுள்ள தூரத்தைக் குறிக்க வேண்டும்.

அந்தப் பார்வையின் பலன் 1611, 1612 வாக்கில் அவர் வரைந்த முழுநிலவு வரைபடம். தனித்தனிப் பிறைகளைப் பார்த்துக் குறித்தவற்றை ஒன்றுகூட்டி, நிலவின் முகம் முழுவதையும் ஒரே வட்டத்தில் அமைத்தார். குழிகளுக்கும் சமவெளிகளின் முனைகளுக்கும் எண்களும் எழுத்துகளும் இட்டார். இருபது மடங்கு குழலில் நிலவு முழுவதும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் அடங்காது. ஒரு துண்டைப் பார்த்து, குழலை நகர்த்தி, அடுத்த துண்டை அதோடு பொருத்த வேண்டும். மலிவான சிறு குழல் ஒன்றை மொட்டைமாடிச் சுவரில் சாய்த்து நான் முயன்றிருக்கிறேன். கை சற்றே அசைந்தால் நிலவு பறந்துவிடும். மறுபடி பிடிப்பதற்குள் எந்தக் குழியைப் பார்த்தோம் என்பது மறந்துவிடும். அந்தச் சிரமத்தோடு ஹாரியட் குறித்த இடங்கள் இன்றைய நிலவுப்படத்தோடு ஒத்துப்போகின்றன. கலிலியோவின் அச்சுப் படங்களை வைத்து நிலவில் இடம் தேட முடியாது. ஹாரியட்டின் படத்தை வைத்துத் தேடலாம். இதைப்போல் இன்னொரு நிலவு வரைபடம் அச்சில் வர ஐரோப்பா ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருந்தது.

குழல்களைச் செய்து கொடுத்தவர் அவரிடமே வேலை பார்த்த கிறிஸ்டோபர் டூக். ஆறு மடங்கில் தொடங்கி 30 மடங்கையும் தாண்டினார்கள். 1610 அக்டோபர் 17 முதல் வியாழனின் துணைக்கோள்களைக் குறித்தார், அவை சுற்றிவரும் காலத்தைக் கணக்கிட்டார். 1610 டிசம்பர் 8 அன்று சூரியனில் கரும்புள்ளிகளைக் கண்டார். ஓராண்டுக்குப் பிறகு அதை முறையான வேலையாக எடுத்துக்கொண்டு 1613 ஜனவரி வரை 199 படங்கள் வரைந்தார். மூடுபனியோ மெல்லிய மேகமோ மறைக்கும் காலை வேளைகளில் சூரியனைக் குழல் வழியாக நேராகவே பார்த்தார். ஒருநாள் பார்த்த பிறகு ஒரு மணி நேரம் கண் மங்கிக் கிடந்தது என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். யாரும் அப்படிப் பார்க்கக் கூடாது. இன்று அந்த 199 வட்டங்கள் சூரியன் நானூறு ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்று ஆராய்கிறவர்களுக்கு விலைமதிப்பற்ற பதிவு.

அதன்பின் வேலை குறைகிறது. மூக்கில் புற்று. 1615இல் மன்னரின் மருத்துவர் தியடோர் த மயர்ன் அவரைப் பார்த்துக் குறிப்பெழுதினார். வெர்ஜீனியாவில் கற்ற புகையிலைப் பழக்கத்தை அதோடு சேர்த்துப் பேசுபவர்கள் உண்டு. 1618 அக்டோபர் 29 அன்று ராலியின் தலை வெட்டப்பட்டபோது ஹாரியட் அங்கே நின்றார். மேடையில் ராலி பேசியதன் குறிப்புகள் அவர் கையெழுத்தில் ஒரு துண்டுத் தாளில் இருக்கின்றன. முப்பத்தைந்து ஆண்டு நட்பைப் பற்றி அந்தத் தாளில் எதுவும் இல்லை. பேச்சின் தலைப்புகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. 1621 ஜூலை 2 அன்று லண்டனில் நண்பர் வீட்டில் ஹாரியட் இறந்தார். அவரைப் புதைத்த தேவாலயம் இருந்த இடத்தில் இப்போது இங்கிலாந்து வங்கி நிற்கிறது.

உயிலில் தன் தாள்களைப் பிரித்து ஒழுங்குபடுத்தி அச்சிடும் பொறுப்பை நண்பர் நதானியேல் டோர்ப்பர்லியிடம் கொடுத்திருந்தார். பத்தாண்டு கழித்து, 1631இல், இன்னொரு நண்பரான வால்டர் வார்னர் முயற்சியில் இயற்கணித நூல் ஒன்று மட்டும் வந்தது. பெரியது, சிறியது என்பதற்கு நாம் இன்று போடும் > < குறிகள் முதலில் அச்சான நூல் அது. ஆனால் அந்த வடிவம் பதிப்பாளர் தந்தது, ஹாரியட்டின் கையெழுத்தில் குறி சற்று வேறு. அவருடைய கணிதத்தின் சிறந்த பகுதிகளைப் பதிப்பில் விட்டுவிட்டார்கள். பிறகு 1685இல் ஆங்கிலக் கணிதர் ஜான் வாலிஸ், பிரெஞ்சுக்காரரான டேக்கார்ட் இந்த நூலிலிருந்து திருடிவிட்டார் என்று குற்றம்சாட்டினார். நாட்டுப்பற்றுக்காக நடந்த சண்டை அது. ஹாரியட்டுக்கு அதனால் நன்மை எதுவும் விளையவில்லை.

தாள்கள் பிரபுவின் பெட்வர்த் மாளிகையில் தூங்கின. 1784இல் வானியலர் ஃபிரான்ஸ் சேவர் ஃபொன் ஸாக் குதிரைலாயக் கணக்கு ஏடுகளுக்கு அடியிலிருந்து அவற்றைக் கண்டெடுத்தார். மகிழ்ச்சியில் கூடுதலாகவும் சொல்லிவிட்டார்: கலிலியோவுக்கு முன்பே வியாழனின் நிலவுகளை ஹாரியட் கண்டார் என்று. ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பிக்க வாங்கி வைத்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு அச்சிடத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பியது. 1830களில் வானியலர் ஸ்டீஃபன் ரிகாட் தாள்களைத் தேதி தேதியாகச் சரிபார்த்து ஸாக்கின் மிகையை நீக்கினார். இந்த வரலாற்றில் ஹாரியட்டுக்கு உண்மையான மரியாதை செய்தவர் ரிகாட்தான் என்பது என் கருத்து. அளந்து வாழ்ந்தவரின் பெயரில் அளவற்ற உரிமை கொண்டாடுவது அவருக்குச் செய்யும் அநீதி.

பெட்வர்த் தாள்களிலிருந்து ஸாக் அச்சிட்டவற்றுள் 1607 வால்மீனைப் பற்றிய ஹாரியட்டின் குறிப்புகளும் இருந்தன. இன்று ஹாலி வால்மீன் என்கிறோமே, அதுதான். அப்போது தொலைநோக்கி இல்லை. வெறுங்கண்ணால், நட்சத்திரங்களிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கோணத்தை இரவுக்கு இரவு அளந்து எழுதியிருந்தார். 1804இல் பிரெமன் நகரத்து வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருந்த இருபது வயது இளைஞர் அந்த எண்களை எடுத்து, பகல் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, வால்மீனின் பாதையைக் கணக்கிட்டார். அந்தக் கணக்கை வானியலர் ஓல்பர்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஓல்பர்ஸ் அதை அச்சுக்கு அனுப்பினார். அந்த எழுத்தரின் பெயர் ஃபிரீட்ரிஹ் பெசல். பின்னாளில், 1838இல், ஒரு நட்சத்திரம் நம்மிடமிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை நம்பத்தகுந்த வகையில் முதலில் அளந்து அறிவித்தவர் அவர்தான்.